சேதத்தின் காரணம்

கீழமாசி வீதி கிட்டங்கியில்
பதினோரு மூட்டை துவரம்பருப்பு போய்விட்டது.
போய்விட்டது என்றால்
மூட்டைகள் இருக்கின்றன,
அடியில் ஒரு தேங்காய் நுழைகிற ஓட்டை,
உள்ளே பாதி மண்.

கணக்கு எழுதுகிறவள் நான்.
விண்ணப்பத்தின் ஏழாவது கட்டம்
சேதத்தின் காரணம் என்ன என்று கேட்டது.
எலி என்று எழுதினேன்,
இங்கிலீஷில், மூன்றே எழுத்து.

இன்சூரன்ஸ் சர்வேயர் டொமினிக் வந்தார்.
பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு
டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார்.
"இது எலி இல்லீங்க மேடம்,
எலிக்கு ஏது இம்புட்டு வாய்?
பேண்டிகூட். சரியா எழுதுங்க"
என்று தன் பேனாவையே நீட்டினார்.

பேண்டிகூட்.
கோட்டு மாட்டிய பெயர்.
கப்பலில் வந்திறங்கி
ஊர் திரும்ப மறந்துபோன
ஏதோ துரை வீட்டுப் பிராணி என்றுதான் நினைத்தேன்.
அடித்துவிட்டு எழுதினேன்.
மூன்று எழுத்துக்குப் பதில் ஒன்பது.
கட்டம் போதவில்லை.

சிந்திய பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்த எர்ரம்மா
முறத்தை நிறுத்தினாள்.
"என்ன சொல்லிட்டுப் போறாரு அந்தாளு?"
சொன்னேன்.
இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.
முறம் குலுங்கச் சிரித்தாள்.
"அது எங்க வீட்டுப் பேச்சுல்ல?
பந்திகொக்கு."

என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது:
கல்யாண மண்டபம், இலை போட்டாயிற்று,
வரிசையின் கடைசியில்
ஒற்றைக்காலில் ஒரு கொக்கு
சாம்பாருக்கு நிற்கிறது.

"கொக்கா?"
"கொக்க நாங்க கொங்கன்னு சொல்லுவோம்.
பந்தின்னா பன்னி. கொக்குன்னா எலி.
பன்னியாட்டம் எலி, அம்புட்டுத்தான்.
இதுக்குப் போயி பேனா குடுத்தாரா?"

இரவு, மகளின் அகராதியைப் புரட்டினேன்.
இருந்தது.
தெலுங்கிலிருந்து, பன்றி, எலி, என்று
சாய்ந்த எழுத்தில் ஒரு வரி.
எந்தக் கிட்டங்கியில்,
எந்த மழைநாளில்,
எவர் வாயிலிருந்து என்பதற்கு
அதில் இடமில்லை.

வெள்ளைக்காரன் ஒருவன்
மூட்டை எண்ணியிருப்பான், குறைந்திருக்கும்.
காரணம் கேட்கும் கட்டம்
அப்போதும் இருந்திருக்கும்.
கூட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து
இது என்ன என்று சைகை காட்டியிருப்பான்.
சொன்னாள்.
காதுக்கு எட்டியதை எழுதிக்கொண்டான்.
அவள் பெயரைக் கேட்டிருக்க மாட்டான்,
அதற்குக் கட்டம் இல்லை.

பிறகு அந்தச் சொல்
ஆஸ்திரேலியா வரை போய்
வயிற்றில் பை வைத்த வேறொரு பிராணியின் மேல்
ஏறி உட்கார்ந்துகொண்டதாம்.

மறுநாள் எர்ரம்மாவிடம் சொன்னேன்,
உங்க சொல்லு இங்கிலீஷ் புத்தகத்துல இருக்கு.
அவள் சிரிக்கவில்லை.
"எங்களுக்கே அதுல எழுதத் தெரியாது.
எந் தம்பி மகன் பஸ்ஸுல போறப்ப
அவுக ஆத்தா போன் அடிச்சா
தமிழ்லதான் பேசுவான்.
வாசப்படிய தாண்டாத பேச்சு.
அத எப்படி எடுத்தாக?"

என்ன சொல்வது?
ஓட்டை பெருசு, என்றேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது.
எலி, பேண்டிகூட், கரையான்
ஆகியவற்றால் விளையும் சேதம்
பாலிசியில் அடங்காது.
முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
மேசைமேல் எறிந்தார்.

எர்ரம்மா கைத்துடைத்துக்கொண்டு வந்து
"எது அது, காட்டுங்க" என்றாள்.
விரல் வைத்துக் காட்டினேன்.
நான் எடுத்ததும் தன் விரலை வைத்தாள்.
துடைத்தும் போகாத பருப்புத் தூள்
ஒன்பது எழுத்தின் மேலும்
மஞ்சளாகப் படிந்தது.
எவ்வளவு நீளம், என்றாள்.

பின்கட்டில், அடுக்கின் அடியில்,
புதுச் சாக்கு ஒன்று நறநறத்தது.

"துரை எந்திரிச்சிட்டாரு"
என்று சொல்லிக்கொண்டே
விளக்குமாற்றைத் தேடிப் போனாள்.